எழுதுகிறவனுக்குத் துணை நிதானமே!

தலைப்பு: ஒரு தகராறை ஊரறிய எழுதுகிறவனுக்குத் துணையாக நிற்பது துணிச்சலா? நிதானமா?

     

எதிரணித் தலைவர் பேசும்போது இந்த மேஜையை நாலு தட்டுத் தட்டினார். ‘எழுதுகிறவன் பயப்படலாமா?’ ஒரு தட்டு. ‘அநியாயத்தைக் கண்டால் பொங்க வேண்டாமா?’ இன்னொரு தட்டு. நல்லவேளை, மேஜைக்குப் பேச வராது. வந்திருந்தால் இந்நேரம் ஒரு வக்கீலைப் பிடித்து நம்ம தலைவருக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கும்! (சிரிப்பு)

ஆனால் நடுவர் அவர்களே, அவர் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. அநியாயத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போ என்று சொல்வதற்கு நான் இங்கே வரவில்லை. அது நிதானம் இல்லை, கோழைத்தனம். நிதானம் என்றால் பேசாமல் இருப்பது என்று எதிரணியினர் ஒரு அர்த்தத்தை அவர்களாகவே வைத்துக்கொண்டு, அதை அவர்களாகவே அடித்துத் துவைத்துக் காயப் போட்டுவிட்டார்கள். நான் சொல்கிற நிதானம் வேறு. சொன்ன சொல் கடைசி வரைக்கும் நிற்க வேண்டும் என்று நினைக்கிறவனுடைய நிதானம்.

கொஞ்சம் பழைய காலத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு ஊர்ச் சண்டை அச்சிலே வர வேண்டுமென்றால் எத்தனை பேர் பார்க்கணும்? முதலில் நிருபர் போய் விசாரிக்கணும். அவர் எழுதியதை உதவி ஆசிரியர் வெட்டணும். ஆசிரியர் பார்த்து, ‘இதைப் போடலாமா?’ என்று யோசிக்கணும். சந்தேகம் வந்தால் பத்திரிகையின் வக்கீலிடம் கேட்கணும். கடைசியாக மெய்ப்புத் திருத்துகிறவர் ஒரு தடவை படிக்கணும். ஐந்து பேர்! ஐந்து சல்லடையில் சலித்த பிறகுதான் மாவு வெளியே வரும்.

இன்றைக்கு? ராத்திரி பதினொன்றரை மணி. தலையணைப் பக்கத்திலே செல்போன். மனசிலே கோபம். பக்கத்து வீட்டுக்காரரோடு தகராறோ, வீடு கட்டிக் கொடுத்தவரோடு தகராறோ, பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்தோடு தகராறோ. எழுது, அனுப்பு, தூங்கு! நிருபரும் நாமே, ஆசிரியரும் நாமே, அச்சாபீஸும் நாமே. அப்புறம் வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டு வராந்தாவிலே நிற்கப் போவதும் நாமே! (சிரிப்பு, கைதட்டல்)

சிரிக்கிறீர்கள். நானும் ஒருநாள் அப்படி எழுதியவன்தான் ஐயா.

நான் குடியிருக்கிற அடுக்குமாடியிலே நூற்றுப்பத்து வீடு. தண்ணீர்த் தொட்டியைச் செப்பனிட்டார்கள். வருஷக் கணக்கைப் பார்த்தால் ஒரு பெரிய தொகைக்கு ரசீது இல்லை. பொருளாளர் வங்கியிலே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிர்ந்து பேசாத மனுஷன். நான் தமிழ் வாத்தியார். கையிலே மொழி இருக்கிறது, பொறுமை இல்லை. ராத்திரி உட்கார்ந்து எழுதினேன்: ‘ஓட்டை தொட்டியிலா, கணக்கிலா? பொருளாளர்தான் சொல்ல வேண்டும்.’ எதுகை மோனையோடு எழுதினால் ஜனங்களுக்குப் பிடிக்கும் பாருங்கள், காலையிலே எழுந்து பார்த்தால் ஒரே பாராட்டு! ‘சார், பின்னிட்டீங்க’ என்கிறார்கள். எனக்குத் தரையிலே கால் பாவவில்லை.

எட்டாம் நாள் செயலாளர் ஊரிலிருந்து வந்தார். அவர் பையிலே இருந்தது ரசீது. (மெல்லிய சிரிப்பு) முழுத்தொகைக்கும் இருந்தது. அந்தப் பொருளாளரை நான் மறுபடியும் பார்த்த கதையைக் கடைசியிலே சொல்கிறேன். இப்போதைக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன்: அவர் நினைத்திருந்தால் என்னைக் கோர்ட்டுக்கு இழுத்திருக்கலாம். சட்டம் அவர் பக்கம் இருந்தது.

என்ன சட்டம் என்கிறீர்களா? 1860-ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்திலே 499, 500 என்று இரண்டு பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதிலே 356-ஆவது பிரிவு. எண் மாறிற்று, ஆள் அதே ஆள்தான்! (சிரிப்பு) சொல்லாலோ, எழுத்தாலோ, சைகையாலோ, படத்தாலோ ஒருவருடைய நற்பெயரைக் கெடுத்தால் அவதூறு. இரண்டு வருஷம் வரைக்கும் வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. ஒரு நிறுவனத்தின் பெயரைக் கெடுத்தாலும் அவதூறு. இறந்து போனவரைப் பற்றி அவர் குடும்பம் புண்படும்படி எழுதினால் அதுவும் அவதூறு. இது கிரிமினல் பக்கம். சிவில் பக்கம் மானநஷ்ட வழக்கு தனி, நஷ்டஈடு தனி.

எதிரணித் தம்பி கேட்டார்: ‘நான் எழுதினது உண்மையாக இருந்தால் எவன் என்னை என்ன செய்ய முடியும்?’ கைதட்டலும் வாங்கினார். தம்பி, சிவில் வழக்கிலே அது சரி. உண்மை என்று நிரூபித்துவிட்டால் தப்பித்தீர்கள். கிரிமினல் சட்டத்திலே உண்மை மட்டும் போதாது! உண்மையாகவும் இருக்க வேண்டும், அதைச் சொல்வது பொதுநன்மைக்காகவும் இருக்க வேண்டும். பத்து விதிவிலக்கிலே முதல் விதிவிலக்கே அதுதான். ஒருத்தர் வீட்டு மாமியார் மருமகள் சண்டை உண்மைதான். அதை ஊருக்குச் சொல்வதிலே ஊருக்கு என்ன நன்மை? இந்தச் சட்டமே வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்திற்குப் போனார்கள். 2016 மே மாதம் தீர்ப்பு வந்தது: அவதூறு குற்றமாகவே நீடிக்கும், பேச்சுரிமை எப்படி உரிமையோ அப்படி நற்பெயரும் ஒரு மனிதனுடைய உரிமை என்று.

எதிரணித் தலைவர் இன்னொன்று சொன்னார். சட்டமே எழுதுகிறவனை நசுக்கத்தான் இருக்கிறது என்றார். 2012-லே மகாராஷ்டிரத்திலே பால்கர் என்ற ஊரில் இரண்டு இளம்பெண்கள் கைது செய்யப்பட்ட கதையைச் சொன்னார். ஒரு தலைவர் மறைவுக்காக நகரமே கடையடைப்பது எதற்கு என்று ஒரு பெண் எழுதினாள். இன்னொருத்தி அதற்கு விருப்பக்குறி போட்டாள். இரண்டு பேருமே காவல் நிலையத்திலே! மனசு பதறுகிற கதைதான். ஆனால் கதையை முழுசாகச் சொல்லணும் இல்லையா? அந்தச் சம்பவத்திற்குப் பிறகு ஸ்ரேயா சிங்கால் என்ற சட்ட மாணவி உச்ச நீதிமன்றத்திற்குப் போனார். 2015 மார்ச் 24-ஆம் தேதி தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையே நீதிமன்றம் செல்லாது என்று தூக்கி எறிந்தது. ஊரே கொதித்தபோது, ஒருத்தர் உட்கார்ந்து மனு எழுதினார். கொதிப்பு அடங்கிப் போச்சு. மனு சட்டத்தை மாற்றிப் போட்டது. அது துணிச்சலா, நிதானமா? நடுவர் சொல்லட்டும்! (கைதட்டல்)

இனி நான் இன்றைக்குச் சொல்ல வந்த பெரிய கதை. ஐ.ஐ.பி.எம். என்று ஒரு நிர்வாகக் கல்வி நிறுவனம். நாளிதழ்களிலே முழுப்பக்க விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்தது. 2005-லே ஓர் இளைஞர் பத்திரிகை அந்த விளம்பர வாசகங்களை எடுத்து வைத்துக்கொண்டு, இதெல்லாம் சரிதானா என்று பார்த்து ஒரு கட்டுரை போட்டது. இணையத்திலே எழுதி வந்த ஓர் இளைஞர் அதை எடுத்துக்காட்டித் தானும் எழுதினார். வந்தது நோட்டீஸ்! கேட்ட தொகை நூறு கோடிக்கும் மேலே. அதோடு விட்டதா? அவர் வேலை பார்த்த கணினி நிறுவனத்தின் மடிக்கணினிகளை மாணவர்கள் கொளுத்தப் போவதாக மிரட்டல் வந்தது என்று அவரே எழுதினார். என்னால் என் நிறுவனத்துக்குச் சங்கடம் வேண்டாம் என்று வேலையை விட்டார். எழுதியதை மட்டும் எடுக்கவில்லை.

அடுத்து 2011. டெல்லியிலிருந்து வருகிற ‘கேரவன்’ பத்திரிகை அந்த நிறுவனத்தின் தலைவரைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை போட்டது. பத்திரிகை டெல்லியிலே, நிறுவனம் டெல்லியிலே. வழக்கு எங்கே போட்டார்கள் தெரியுமா? அசாம் மாநிலம் சில்சாரிலே! (சிரிப்பு) ஐம்பது கோடி கேட்டு! கட்டுரைக்குத் தடை. அந்த எழுத்தாளர் எழுதிய புத்தகம் அந்த வருஷம் இந்தியாவிலே வெளிவந்தபோது, முதல் அத்தியாயம் இல்லாமலேயே வெளிவந்தது. தலை இல்லாத முண்டம் மாதிரி ஒரு புத்தகம்!

2013 பிப்ரவரி. குவாலியர் நீதிமன்றத்தின் உத்தரவைக் காட்டி 73 இணையப் பக்கங்களை முடக்கினார்கள். அதிலே யாருடைய பக்கம் இருந்தது தெரியுமா? சாட்சாத் பல்கலைக்கழக மானியக் குழுவின் பக்கம்! இந்த நிறுவனம் பல்கலைக்கழகம் அல்ல என்று அரசாங்க அமைப்பு பொதுமக்களுக்குக் கொடுத்த அறிவிப்பையே அரசாங்கத்தின் இன்னொரு துறை மறைத்துவிட்டது. வீட்டுக்காரன் வாசலிலே ‘நாய் இருக்கிறது, ஜாக்கிரதை’ என்று பலகை வைத்தான். நாய்க்கு மானம் போச்சு என்று பலகையைப் பிடுங்கிக்கொண்டு போன கதை! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

பிறகு என்ன ஆயிற்று? 2014 செப்டம்பரிலே டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது: இந்த நிறுவனம் மாணவர்களைத் தவறாக வழிநடத்தியது, இன்ன இன்ன பட்டப் பெயர்களை இனிமேல் பயன்படுத்தக் கூடாது. 2015-லே டெல்லிக்கு வெளியே இருந்த வளாகங்களை மூடப் போவதாக நிறுவனமே அறிவித்தது. கேரவன் கட்டுரைக்கான தடை நீங்கியது எப்போது? 2018-லே! ஏழு வருஷம்!

‘பார்த்தீர்களா, துணிந்து எழுதியவன் ஜெயித்தான்!’ என்று எதிரணியிலே ஒருத்தர் துள்ளுகிறார். உட்காருங்கள் ஐயா. துணிந்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் துணிச்சல் எதன் மேலே நின்றது? விளம்பரத்தைக் கையிலே வைத்துக்கொண்டு, சரிபார்த்துவிட்டு எழுதினார்களே, அதன் மேலே நின்றது. வெறும் வசவாக எழுதியிருந்தால் முதல் நோட்டீஸிலேயே கதை முடிந்திருக்கும். ஏழு வருஷம், பத்து வருஷம் கோர்ட்டிலே நிற்கணும் என்றால் கோபம் நிற்காது ஐயா, காகிதம்தான் நிற்கும்! (கைதட்டல்)

இந்த நாட்டிலே தீர்ப்பு வந்த பிறகு கிடைப்பது மட்டும் தண்டனை இல்லை. வழக்கே ஒரு தண்டனை. வக்கீல் பீஸ், பஸ் கட்டணம், விடுப்பு, வீட்டிலே மனைவி கேட்கிற கேள்வி. நீதிமன்றங்களுக்கும் இது தெரியாமல் இல்லை. 2024 மார்ச்சிலே ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனத்தின் வழக்கிலே உச்ச நீதிமன்றம் சொன்னது: முழு விசாரணை நடக்கும் முன்னே ஒரு கட்டுரைக்குத் தடை போடுவது, அந்தக் கட்டுரைக்கு மரண தண்டனை கொடுப்பது போல ஆகிவிடலாம், தகுந்த காரணம் இல்லாமல் கொடுக்காதீர்கள் என்று. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்தத் தீர்ப்பை வாங்கப் பெரிய நிறுவனத்தால் முடியும். மாதச் சம்பளக்காரனால் முடியுமா? அவனுக்குத் துணை யார்? அவனுடைய முன்யோசனைதான்.

அப்படியானால் என்னதான் செய்வது? நான் சொல்கிறேன். அன்றைக்கு ஐந்து பேர் பார்த்தார்களே, இன்றைக்கு அந்த ஐந்து பேராகவும் நாமே ஆகணும்.

முதலில் நிருபர். ‘நானே பார்த்தேனா? தாள் இருக்கிறதா?’ என்று கேட்கணும். ‘அப்படின்னு சொல்லிக்கிறாங்க’ என்று ஒரு வால் சேர்த்தால் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஊரார் சொன்ன அவதூறை நாம் திருப்பிச் சொன்னாலும் அவதூறுதான். தாளுக்கு இருக்கிற பலத்தைச் சொல்கிறேன். ஆட்டோ சங்கர் சிறையிலே இருந்து எழுதிய தன் வரலாற்றை ‘நக்கீரன்’ வெளியிடப் போனபோது சிறைத்துறை அதிகாரி தடுத்துக் கடிதம் எழுதினார். நக்கீரன் உச்ச நீதிமன்றம் போயிற்று. 1994 அக்டோபர் 7-ஆம் தேதி தீர்ப்பு. வெளியிடும் முன்பே தடுக்க அதிகாரிகளுக்கு அதிகாரம் இல்லை; நீதிமன்றப் பதிவு போன்ற பொது ஆவணத்திலே இருப்பதை எழுதுவதற்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை; அதைத் தாண்டி ஒருவருடைய அந்தரங்க வாழ்க்கைக்குள்ளே நுழைந்தால் அதற்கு நீ பொறுப்பு! வேலியும் சொன்னது, வழியும் சொன்னது அந்தத் தீர்ப்பு. இந்தியா முழுக்க இன்றைக்கும் எடுத்துக்காட்டுகிறார்கள். தமிழ்நாட்டுக் கதை ஐயா அது!

இரண்டாவது, உதவி ஆசிரியர். எது நடந்தது, எது என் கருத்து என்று பிரிக்கணும். ‘வீட்டை 2021 மார்ச்சில் தருவதாக ஒப்பந்தம், இன்னும் தரவில்லை, மூன்று கடிதம் எழுதினேன், பதில் இல்லை, எனக்கு நியாயமாகப் படவில்லை.’ இது ஒரு விதம். ‘அவன் ஒரு மோசடிப் பேர்வழி.’ இது இன்னொரு விதம். முதலாவதை நீங்கள் நிரூபிக்க ஒரு கோப்பு போதும். இரண்டாவதை நிரூபிக்க அவனுடைய மனசுக்குள்ளே போகணும். போக முடியுமா? முதலாவதைப் படித்தாலே ஜனங்களுக்கு இரண்டாவது தானாகப் புரிந்துவிடும்! அப்புறம் நாம் வேறு எதற்குச் சொல்லணும்? (சிரிப்பு, கைதட்டல்)

மூன்றாவது, ஆசிரியர். ‘மறுதரப்பைக் கேட்டாயா?’ இந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருந்தால், ஒரு போன் போட்டிருந்தால், செயலாளர் பையிலே இருந்த ரசீது அன்றைக்கு ராத்திரியே தெரிந்திருக்கும்.

நான்காவது, வக்கீல். சொல்லக் கூடாத பெயர் எது என்று அவர் பார்ப்பார். பாலியல் கொடுமைக்கு ஆளானவர் பெயரை வெளியிடுவது தனிக் குற்றம். சிறு பிள்ளைகள் பெயரும் அப்படித்தான். ‘நியாயம் கேட்கத்தான் எழுதினேன்’ என்றாலும் குற்றம் குற்றம்தான். 2019-லே பொள்ளாச்சி விவகாரத்திலே ஓர் அரசாணையிலேயே பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் வந்துவிட்டது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அரசாங்கத்துக்கே அந்தக் கதி என்றால் நமக்கு? அதே வக்கீல் இன்னொன்றும் சொல்வார்: கோர்ட்டிலே இருக்கிற வழக்கைப் பற்றி எழுதவே கூடாது என்று பயப்படாதே. நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், 1971. அதிலேயே இருக்கிறது: நடந்ததை நடந்தபடி நேர்மையாகச் சொல்வது அவமதிப்பு ஆகாது, முடிந்த வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பதும் ஆகாது. பயம் வேறு, எல்லை தெரிவது வேறு.

ஐந்தாவது, மெய்ப்புத் திருத்துகிறவர். அவர் வேலை என்ன? படிக்கிறது! அவ்வளவுதான். 2018-லே ஒரு நடிகர், சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவர், பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்துகிற ஒரு பதிவைத் தன் பக்கத்திலே பகிர்ந்தார். பிறகு எடுத்துவிட்டார், மன்னிப்பும் கேட்டார். படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்றார். சென்னை உயர் நீதிமன்றம் 2023-லே சொன்னது: பகிர்ந்த செய்தி வில்லை விட்டுப் போன அம்பு மாதிரி, விட்டவர்தான் பொறுப்பு. 2024 பிப்ரவரியிலே ஒரு மாதச் சிறையும் அபராதமும் விதித்தது சிறப்பு நீதிமன்றம். படிக்காமல் பரீட்சை எழுதினால் பூஜ்யம் கிடைக்கும். படிக்காமல் பகிர்ந்தால் சம்மன் கிடைக்கும்! (சிரிப்பு)

இந்த ஐந்து பேரும் பார்த்த பிறகும் ஆறாவதாக ஒருத்தர் வருவார். தபால்காரர்! (பலத்த சிரிப்பு) தபாலிலே வக்கீல் நோட்டீஸ். உடனே படபடப்பு வரும். கோடி கேட்டிருப்பார்கள். கேட்கிறதுக்கு என்ன, கேட்டதெல்லாம் கிடைத்துவிடுமா? நோட்டீஸ் என்பது நீதிமன்ற உத்தரவு இல்லை. எதிராளியின் வக்கீல் எழுதிய கடிதம். பயந்து ஓடவும் வேண்டாம், கிழித்துப் போடவும் வேண்டாம். கோபத்திலே அதையும் போட்டோ எடுத்து நாலு வசவோடு போடவே வேண்டாம்! எழுதியதையும் ஆதாரத்தையும் பத்திரப்படுத்தி வையுங்கள். ஒரு வக்கீலைப் பாருங்கள். தப்பு நம்முடையது என்றால் திருத்துங்கள். சரி நம்முடையது என்றால் நில்லுங்கள்! மானநஷ்ட வழக்குப் போட அவர்களுக்கு ஒரு வருஷம்தான் கெடு. கிரிமினல் புகார் என்றால் மூன்று வருஷம். அதிலும் இப்போது 2024-லே வந்த புதிய நடைமுறைச் சட்டப்படி, புகாரை மாஜிஸ்திரேட் கோப்பில் எடுத்துக்கொள்ளும் முன்னே உங்கள் பக்கத்தையும் கேட்கணும். கேட்கும்போது சொல்ல உங்களிடம் ஏதாவது இருக்கணுமே! அதற்குத்தான் சொல்கிறேன்.

‘அப்போ சிரிக்கக்கூடக் கூடாதா?’ என்று கேட்டார் எதிரணிச் சகோதரி. தாராளமாகச் சிரிக்கலாம் அம்மா. வாடிப்பட்டிக்காரர் ஒருத்தர் குடும்பத்தோடு சிறுமலைக்குப் போனார். படத்தைப் போட்டு, ‘துப்பாக்கிப் பயிற்சிக்காகச் சிறுமலைப் பயணம்’ என்று வேடிக்கையாக எழுதினார். போலீஸ் வழக்கே போட்டுவிட்டது! 2021 டிசம்பரிலே மதுரைக் கிளை அந்த வழக்கை ரத்து செய்தது. நீதிபதி, அடிப்படைக் கடமைகளோடு சிரிக்க வேண்டிய கடமையையும் சேர்க்கலாம் போலிருக்கிறதே என்ற தோரணையிலே எழுதினார். (சிரிப்பு) ஆக நடுவர் அவர்களே, மறந்துவிடாதீர்கள், இந்த மன்றமே ஒரு கடமையைத்தான் செய்துகொண்டிருக்கிறது! (கைதட்டல்)

மணி அடிக்கப் போகிறீர்கள், தெரிகிறது. இரண்டு நிமிஷம்.

மதுரையிலே ஒரு பொற்கொல்லன். ராணியின் சிலம்பைத் திருடியவன் அவன். ‘கள்வன் இதோ’ என்று கோவலனைக் காட்டிவிட்டான். அரசன் விசாரித்தானா? இல்லை. காவலர்கள்கூட, ‘இவன் முகத்தைப் பார்த்தால் திருடன் மாதிரி இல்லையே’ என்று தயங்கினார்கள். அவர்களிலே ஒருத்தன், கல்வியும் இல்லாதவன், நிதானமும் இல்லாதவன், வாளை ஓங்கினான். முடிந்தது. சரிபார்க்காத ஒரு சொல் கை மாறிக் கை மாறி ஓர் உயிரைக் கொன்றது. அதற்குப் பெயர் என்ன? இன்றைக்கு நாம் பகிர்தல் என்கிறோம்!

அடுத்து வருகிறாள் கண்ணகி. அவளை விடத் துணிச்சலான ஒருத்தி உண்டா? தலைவிரி கோலமாக அரண்மனை வாசலிலே நின்று கூப்பிட்டவள். ஆனால் அவள் சபையிலே என்ன செய்தாள்? என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். எங்கள் சிலம்பின் பரல் முத்து என்றான் அரசன். உடைத்தாள். மாணிக்கம் தெறித்தது. வழக்கு முடிந்தது! கேட்டாள், மறுதரப்பைச் சொல்ல விட்டாள், பிறகு ஆதாரத்தைப் போட்டாள். அதற்குப் பிறகுதான் நெருப்பு. அந்த நெருப்பைக்கூட எப்படி விட்டாள்? முதியோரை, குழந்தைகளை விட்டுவிடு, தீயவர் பக்கம் மட்டும் போ என்று சொல்லி விட்டாள். ஊரையே எரித்தவளும் சம்பந்தமில்லாதவனைத் தொடவில்லை! நம்ம பதிவிலே எதிராளியின் மனைவி, மக்கள், மருமகன் பேரெல்லாம் வருகிறதே, நியாயமா? (கைதட்டல்)

கடைசியாக அந்தப் பொருளாளர். ரசீது வந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தார். உட்காரச் சொன்னார். காபிகூடக் கொடுத்தார். ‘ஐயா, தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சிருங்க’ என்றேன். அவர் மெதுவாகச் சொன்னார்: ‘பரவாயில்ல சார். ஆனா நீங்க மன்னிப்புக் கேட்டது நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நீங்க எழுதுனது நூத்திப்பத்து வீட்டுக்கும் தெரியும். காலையில நடக்கப் போனா எல்லாரும் என் கையைப் பாக்குறாங்க சார்.’

எந்த மாஜிஸ்திரேட் கொடுக்கிற தண்டனை ஐயா அதற்கு ஈடு? அன்றைக்கு ராத்திரியே நூற்றுப்பத்து வீட்டுக்கும் எழுதினேன், தப்பு என்னுடையது என்று. எதுகையும் போடவில்லை, மோனையும் போடவில்லை. முதலில் எழுதியதைப் பாராட்டியவர்களிலே பாதிப்பேர் இதைப் படிக்கவே இல்லை. நாலு பேர்தான் பதில் போட்டார்கள். அவர் மறுபடி காலை நடைக்கு வர மூன்று மாசம் ஆயிற்று.

சட்டத்துக்குப் பயந்து நிதானமாக இரு என்று நான் சொல்லவில்லை. சட்டம் சில சமயம் வலியவன் கையிலே தடியாகிறது, சில்சார் கதையிலே பார்த்தோம். அந்தத் தடி விழும்போது தாங்குவதற்கு நிதானம் வேண்டும். நம்ம கையிலே இருக்கிற பேனாவே ஓர் எளியவன் தலையிலே தடியாக விழாமல் இருக்கவும் அதே நிதானம்தான் வேண்டும். துணிச்சல் எழுத வைக்கும். எழுதியதை நிற்க வைப்பது நிதானம். பதறாத காரியம் சிதறாது என்று நம்ம பாட்டிமார் சொல்லிவிட்டுப் போனார்கள். அதையே தீர்ப்பாகச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே என்று கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)